இன்னும் முடிவு செய்யவில்லை

சென்ற ஆண்டு அக்கா மகள் சுபாங் ஜெயாவில் ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தாள். இரண்டு ஆண்டு இங்கே, பிறகு இரண்டு ஆண்டு அமெரிக்காவில் படித்துப் பட்டம் வாங்கும் திட்டம். சேர்க்கைப் பாரத்தில் முதன்மைப் பாடம் எது என்று கேட்ட இடத்தில் 'அன்டிக்ளேர்ட்' என்று குறித்திருந்தாள். அதாவது, இன்னும் முடிவு செய்யவில்லை. அன்றிரவே அக்கா எனக்குப் போன் செய்தார்.

"டேய், இவ என்னா படிக்கப் போறானே போடலடா. கேட்டா, அப்பறமா முடிவு பண்ணிக்கலாம்னு சொல்றா. காலேஜுல ஏமாத்துறானுங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கொஞ்சம் பொறாமையும். எஸ்.டி.பி.எம் முடித்த ஆண்டில் பி.எஸ்.என் வங்கியில் பின் நம்பர் வாங்கிக்கொண்டு, தைப்பிங்கில் ஒரு சைபர் கஃபேயில் அப்பாவோடு உட்கார்ந்து யூ.பி.யூ விண்ணப்பத்தை நிரப்பினேன். எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் படிப்பு என்று வரிசையாகப் போட வேண்டும். 'தெரியவில்லை' என்று போட அதில் இடமே இல்லை. கடைக்காரர் மணி பார்த்துக்கொண்டிருந்தார். "எதாச்சும் ஒன்னப் போடுய்யா, அப்பறம் பாத்துக்கலாம்" என்றார் லோரி ஓட்டிவிட்டு நேராக வந்திருந்த அப்பா. வரிசையில் ஐந்தாவதாகப் போட்ட புள்ளியியல் கிடைத்தது. அந்த 'அப்பறம்' வரவேயில்லை.

அக்காவுக்குப் பதில் சொல்வதற்காகத்தான் இந்த வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

அமெரிக்காவின் பழைய கல்லூரிகளில் எந்தப் பாடத்தையும் தேர்வு செய்யாமல்தான் எல்லோரும் சேர்ந்தார்கள். தேர்வு செய்ய அங்கே எதுவும் இல்லை. லத்தீன், கிரேக்கம், கணிதம், தர்க்கம், கடைசி ஆண்டில் அறவியல். ஒரே வகுப்பு மாணவர்கள் நான்கு ஆண்டுகளும் ஒரே பாடங்களைப் படித்தார்கள். 1825இல் தாமஸ் ஜெஃபர்சனின் விர்ஜீனியா பல்கலைக்கழகம் திறக்கப்பட்டபோது, விரும்பிய வகுப்புக்குப் போகலாம் என்று அங்கே மாணவர்களை விட்டார்கள். அது விதிவிலக்கு. செத்துப்போன மொழிகள் எதற்கு என்ற கேள்வி எழுந்தபோது யேல் கல்லூரி 1828இல் ஓர் அறிக்கையே வெளியிட்டு மறுத்தது. மனதுக்கு முதலில் பயிற்சி வேண்டும், தொழிலுக்கான படிப்பு பிறகு வரட்டும் என்பது அதன் வாதம். பல கல்லூரிகள் நெடுங்காலம் அந்த அறிக்கையைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டன.

1869இல் ஹார்வர்டின் தலைவராக வந்தார் சார்ல்ஸ் எலியட். வேதியியல் ஆசிரியர், வயது 35. அடுத்த நாற்பது ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தவர். கட்டாயப் பாடங்களை அவர் ஒவ்வொன்றாகக் கழற்றினார். முதலில் நான்காம் ஆண்டில், பிறகு மூன்றாம் ஆண்டில், இரண்டாம் ஆண்டில். 1890களின் இறுதியில் கட்டாயமாக மிஞ்சியது ஏறக்குறைய முதலாண்டு ஆங்கிலக் கட்டுரைப் பாடம் ஒன்றுதான். பதினெட்டு வயதுப் பையனுக்குத் தனக்கு எது பிடிக்கும் என்று தெரியும், அவனை நம்புங்கள் என்றார் எலியட். பிரின்ஸ்டன் தலைவர் ஜேம்ஸ் மெக்காஷ் 1885இல் நியூயார்க்கில் ஒரே மேடையில் அவரோடு மோதினார். இப்படி விட்டால் பையன்கள் சுலபமான பாடங்களாகப் பொறுக்கிக்கொண்டு போவார்கள் என்பது மெக்காஷின் கட்சி.

மெக்காஷ் சொன்னதும் ஓரளவு நடந்தது. ஆரம்பநிலை வகுப்புகளையே எடுத்து, எதிலும் ஆழம் போகாமல் பட்டம் வாங்கியவர்கள் நிறைய. எலியட்டுக்குப் பின் 1909இல் தலைவரான லாரன்ஸ் லோவல் கடிவாளம் போட்டார். மொத்தம் 16 பாடங்களில் குறைந்தது ஆறு ஒரே துறையில் இருக்க வேண்டும். மற்றவற்றில் ஒரு பகுதி வெவ்வேறு துறைகளில் பரவியிருக்க வேண்டும். 'மேஜர்' என்ற சொல் அதற்கு முன்பே, 1877-78இல், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பாடக் கையேட்டில் வந்துவிட்டது. முதலில் பரவலாகப் படி, பிறகு ஒன்றில் இறங்கு என்ற இந்த ஏற்பாடு மெல்ல மெல்ல நாடு முழுக்கப் பரவியது. அதன் இடைவெளியில்தான் 'இன்னும் முடிவு செய்யாத' மாணவன் என்றொருவன் பிறக்கிறான். அக்கா மகள் குறித்த அந்த ஒரு சொல், எலியட்டும் லோவலும் அடித்துக்கொண்டதில் மிஞ்சிய சமரசம்.

இந்தக் கதையில் சுதந்திரம் என்ற சொல் அடிக்கடி வருகிறது. பணம் என்ற சொல் அவ்வளவாக வருவதில்லை. பத்துப் பாடத்துக்குப் பதில் நூறு பாடம் வேண்டுமென்றால் ஆசிரியர் வேண்டும், அறை வேண்டும், நூலகம் வேண்டும், ஆய்வுக்கூடம் வேண்டும். ஹார்வர்டால் முடிந்தது. சிறிய கல்லூரிகள் பழைய பாடத்திட்டத்தைக் கட்டிக்கொண்டிருந்ததற்குக் கொள்கை மட்டும் காரணமில்லை, கையில் காசும் இல்லை. முடிவு செய்யாமல் ஓராண்டு சுற்றிப் பார்ப்பதற்கு யாராவது செலவு செய்தாக வேண்டும்.

நம் பக்கத்திலும் இதன் சாயல் உண்டு. 1940இல் சிங்கப்பூர் ராஃபிள்ஸ் கல்லூரியில் சேர்ந்த லீ குவான் யூ அங்கே படித்தவை ஆங்கிலம், கணிதம், பொருளியல். போர் முடிந்த பிறகு கேம்பிரிட்ஜில் சட்டம் படித்தார். 2013இல் முதல் மாணவர்களைச் சேர்த்த யேல்-என்.யு.எஸ் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு முடியும்போது முதன்மைப் பாடத்தைச் சொன்னால் போதுமாக இருந்தது. 1828இல் தேர்வே கூடாது என்று அறிக்கை விட்ட யேலின் பெயரில்தான் இது நடந்தது என்பது ஒரு வேடிக்கை. அந்தக் கல்லூரி 2025இல் மூடப்பட்டது. இங்கே மலேசியாவிலோ, பதினாறு வயதில் நான்காம் படிவத்திலேயே அறிவியல், கலை என்று பிரித்துவிடும் முறை 2020இல்தான் கைவிடப்பட்டது. என் தலைமுறை அதில் பிரிக்கப்பட்டு வந்தது.

அப்பா அன்று "எதாச்சும் ஒன்னப் போடு" என்றதைப் பல ஆண்டுகள் அறியாமை என்றே நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. பி.டி.பி.டி.என் கடன் இத்தனை ஆண்டுப் படிப்புக்கு இவ்வளவு என்றுதான் வரும். பாதியில் படிப்பை மாற்றினால் கூடும் ஓராண்டுச் செலவை யார் கட்டுவது? அப்பாவுக்கு அந்தக் கணக்கு தெரியும். எனக்கு எது பிடிக்கும் என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது. தெரிந்துகொள்ள அவகாசம் கொடுக்கும் ஏற்பாடு ஒன்று உலகத்தில் இருக்கிறது என்றுகூட எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

அக்காவிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. "ஏமாத்தல அக்கா, அங்க அப்படித்தான் படிப்பாங்க. ஆனா ரெண்டு வருசத்துக்குள்ள சொல்லிடணும். அதுக்கு மேல போனா காசு கூடும்" என்றேன். கடைசி வாக்கியம் மட்டும் அவருக்கு உடனே புரிந்தது.

அக்கா மகள் முதல் பருவத்தில் உளவியல், வானியல், பொருளியல், ஆங்கிலக் கட்டுரை எடுத்திருந்தாள். போன மாதம் கேட்டபோது, "வானியல் செம்மயா இருக்கு மாமா, ஆனா கணக்குதான் வர மாட்டேங்குது" என்றாள். நல்லது என்றேன். ஒன்று வராது என்பதைக் கடன் ஏறும் முன்பே தெரிந்துகொண்டிருக்கிறாள். எனக்கு அது மூன்றாம் ஆண்டில்தான் தெரிந்தது.

தைப்பூசத்தன்று பத்துமலையில் தெரிந்த அம்மா ஒருவர் அக்காவைப் பிடித்துக்கொண்டார். "மக என்னா படிக்கிது?" அக்கா ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார், "அக்கவுண்டிங்."