மலாகா தீவின் மையித்துகள்

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள மேய்ன் மாநிலத்தில் கறுப்பினத்தவர் மிகச் சொற்பம். "அங்க கறுப்பருக்கு என்ன வரலாறு?" எண்டு கேட்பவர்களுண்டு. இருந்ததைத் தோண்டியெடுத்த கதை இது.

ஃபிப்ஸ்பர்க் கரையோரம் மலாகா எண்டொரு சின்னத் தீவு (மலாயாவின் மலாக்கா அல்ல). 1860களிலிருந்து கறுப்பரும் வெள்ளையரும் மணமுடித்துக் கலந்து, மீன்பிடித்துச் சீவித்தார்கள். கரையில் உல்லாசப் பயணிகள் பெருக, இவர்களது குடிசைகள் கண்ணை உறுத்தின. பத்திரிகைகள் இழிசனமாகச் சித்திரித்தன. மாநில அரசு தீவைத் தனதாக்கி, 1912 ஜூலை 1க்குள் வெளியேறக் கட்டளையிட்டது. சனங்கள் வீடுகளையும் கழற்றிக்கொண்டு போனார்கள். எட்டுப் பேரை 'மந்தபுத்தியுள்ளோர்' விடுதியில் அடைத்தார்கள். மையித்துகளையும் விடவில்லை. 17 பேரின் எச்சங்களைத் தோண்டி, ஐந்தே பெட்டிகளில் போட்டு, அந்த விடுதியின் மயானத்தில் புதைத்தார்கள். ஆளே இருக்கல்ல எண்டு சொல்வதற்குக் கபுறும் இருக்கக் கூடாதல்லவா?

அரசின் மன்னிப்பு 2010இல்தான் வந்தது.

அதற்கு முன்பே, 2001 முதல், அதே மாநிலத்தின் லூயிஸ்டன் நகரில் ஸோமாலி முஸ்லிம்கள் குடியேறத் தொடங்கியிருந்தார்கள். "உங்கள் ஆட்களின் வருகையைக் குறையுங்கள்" என்ற கருத்தில் 2002இல் மேயர் பகிரங்கக் கடிதம் எழுதினார். அவர்கள் அசையவில்லை. 2019இல் ஸஃபியா காலித் என்ற 23 வயது ஸோமாலி யுவதி அந்நகர சபைக்கே தெரிவானார்.