களவு காட்டிய தாள்

பள்ளிக்கூடத்தில் நீலப் பாசிச்சாயத்தாள் அமிலம் பட்டுச் சிவக்கிறதை நாமெல்லாரும் பார்த்திருக்கிறோம். ஆனால் தாளை வைத்துப் பொருளைச் சோதிக்கிற வழக்கம், இரசாயனம் ஒரு பாடமாக வருவதற்கு வெகுகாலம் முந்தியது.

கி.பி. 79இல் இறந்த ரோம அறிஞர் பிளினி அதை எழுதி வைத்திருக்கிறார். கண் மருந்துக்குச் சேர்க்கிற செம்புக் களிம்பில் அன்று சில வியாபாரிகள் அன்னபேதியைக் கலந்து விற்றார்கள். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. நோயாளியின் கண்ணுக்குப் போகிற சாமான் அது! மாசிக்காய்ச் சாற்றில் ஊறவைத்த பப்பைரசுத் துண்டில் அதைத் தடவிப் பார்ப்பார்கள். கலப்படமென்றால் துண்டு உடனே கறுத்துவிடும்.

அன்னபேதியிலுள்ள இரும்பும் மாசிக்காயின் துவர்ப்பும் சேர்ந்து உண்டாகிற கறுப்பு அது. பிற்காலத்தில் அரபுலகில் கிதாபுகள் எழுதிய மைகளில் ஒன்றும் இதே சேர்க்கைதான். அறிவைக் காத்துத் தந்த அந்தக் கறுப்பு, அதற்கு முன்பே சந்தையில் களவையும் காட்டிக் கொடுத்திருக்கிறது.