எல்லைக்கோட்டில் செல்லாமல் போன உரிமம்

1816. நியூ ஆர்லியன்ஸ் நகரில் லூயி டுஃபிலோ என்பவர் ஒரு வாய்மொழித் தேர்வுக்கு வந்து உட்கார்ந்தார். எதிரே பேர்பெற்ற மருத்துவர்கள், மருந்து தயாரிப்பில் பழுத்த கைகள். மணிக்கணக்கில் நடந்த விசாரணையில் டுஃபிலோ தேறினார். அமெரிக்காவில் தேர்வில் தேறி உரிமம் பெற்ற முதல் மருந்தாளுநர் என்ற பெயர் அவருக்குத்தான். நாட்டின் பெரும்பகுதியிலோ அபினையும் ஆர்செனிக்கையும் யார் வேண்டுமானாலும் பொட்டலம் கட்டி விற்கலாம். அந்தத் துணிச்சலுக்கு உயிரை விலையாகக் கொடுத்தவர்கள் நோயாளிகள்.

1870-ல் ரோட் ஐலண்ட் மாநிலம் விழித்துக்கொண்டது. மருந்தாளுநர்களைச் சோதித்துப் பதிவு செய்ய ஒரு வாரியம் அமைத்தது. பிற மாநிலங்களும் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. நல்ல காரியம்தான். ஆனால் அதன் வயிற்றிலேயே ஒரு வினை வளர்ந்துகொண்டிருந்தது.

ஒவ்வொரு வாரியமும் தனித் தேர்வு, தனி விதி வைத்தது. இருபது வருடம் கடை நடத்தி நற்பெயர் எடுத்தவர்கூட, பக்கத்து மாநிலத்துக்குக் குடிபோனால் பையன்களோடு உட்கார்ந்து மறுபடி தேர்வெழுத வேண்டும். நீதிமன்றமும் கைகொடுக்கவில்லை. மேற்கு வர்ஜீனியாவில் டெண்ட் என்ற மருத்துவர், தன் பட்டத்தை மாநிலம் ஏற்க மறுத்ததை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். 1889-ல் தீர்ப்பு வந்தது: தகுதியை நிர்ணயிக்கும் அதிகாரம் மாநிலத்துக்கு உண்டு. மருந்தாளுநர்களுக்கும் சட்டத்தின் கதவு சாத்தியாயிற்று. இனி வழி பிறந்தால் வாரியங்கள் மனம் வைத்துத்தான் பிறக்க வேண்டும்.

பிறந்தது, 1904-ல். அமெரிக்க மருந்தியல் சங்கத்தின் மாநாடு கான்சஸ் சிட்டியில் கூடியிருந்தது. அங்கே வந்திருந்த வாரியக்காரர்கள் சேர்ந்து தங்களுக்கென ஒரு தேசியச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அதன் அடிப்படை எளிமையானது: என் மாநிலம் சோதித்தவரை நீ ஏற்றுக்கொள், உன் மாநிலம் சோதித்தவரை நான் ஏற்றுக்கொள்கிறேன். எல்லாம் கூடிவந்த வேளையில் நியூயார்க் ஒரு முடிச்சைப் போட்டது.

மருந்தியல் கல்லூரியில் படித்துத் தேறியவருக்கே இனி உரிமம் என்று 1905-ல் அந்த மாநிலம் விதித்தது. வேறு பல இடங்களில் கடையில் எடுபிடியாக இருந்து தொழில் கற்றாலே போதும். இந்த இருவரையும் எப்படிச் சமமாக எடைபோடுவது? நியூயார்க்கின் பிடிவாதம் நியாயமானது என்றே சொல்வேன். நம்பிக்கைக்கு ஓர் அடித்தளம் வேண்டும். அந்த அடித்தளத்தைப் போடவே பல பத்தாண்டுகள் பிடித்தன. கல்லூரிகளின் தரத்தை ஒரே அளவுகோலால் அளக்கும் கவுன்சில் 1932-ல் வந்தது. படிப்பு ஒருவழியாகச் சீரானது. கேள்வித்தாள்?

அதற்கு 1970-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பொதுத்தேர்வு ஒன்று உருவாகி மாநிலம் மாநிலமாகப் பரவியது. கலிஃபோர்னியா மட்டும் லேசில் மசியவில்லை. தன் சொந்தத் தேர்வைப் பிடித்துக்கொண்டு 2004 வரை வெளியிலேயே நின்றது. இவ்வளவு தூரம் வந்த பிறகும் ஒரு சுவர் இடிபடாமல் இருந்தது.

மருந்து எங்கும் ஒன்று; சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. போதை தரும் மருந்துகளை எப்படிப் பூட்டி வைப்பது, மருந்துச்சீட்டு எத்தனை நாள் செல்லும், தடுப்பூசியை யார் போடலாம் என்பதெல்லாம் அந்தந்த மாநில விதி. அதனால் மருந்தியல் அறிவை மறுபடி சோதிக்காமல், பெரும்பாலான மாநிலங்கள் தங்கள் சட்டத்தை மட்டும் கேட்கும் தனித்தேர்வை வைத்தன. இது தடையல்ல, நோயாளிக்கான காவல்.

இன்று அமெரிக்க மருந்தாளுநர் ஒருவர் மாநிலம் மாறும்போது கணினியில் நிரப்பும் ‘உரிம மாற்ற’ விண்ணப்பம் இப்படிப் பிறந்ததுதான். அதைக் கையாள்வது 1904-ல் பிறந்த அதே சங்கம். விண்ணப்பித்தவரின் பழைய உரிமம் உயிரோடு இருக்கிறதா, எங்காவது ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளானவரா என்று அது சரிபார்த்துப் புதிய மாநிலத்துக்கு அனுப்புகிறது. உரிமம் தருவதா, வேண்டாமா என்ற முடிவு இன்றும் அந்த மாநில வாரியத்தின் கையில்தான் இருக்கிறது.