விளையும் பயிர் முளையிலே தெரியுமா?

"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. வகுப்பில் முதலாவதாக வரும் சிறுவனையும், ஓட்டப் பந்தயத்தில் முந்தும் சிறுமியையும் கண்டால் இப்பழமொழியைச் சொல்லி மகிழ்கிறோம். ஆனால் பயிரோடு பிறந்து பயிரோடு வளர்ந்த காவிரிப் படுகை உழவர் இதை அப்படியே நம்பிவிடுவதில்லை. நாற்றங்காலில் வாய்மடையை ஒட்டி நிற்கும் நாற்று கருகருவென்று ஓங்கி நிற்கும். மேட்டுப்பக்கம் நிற்கும் நாற்று வெளிறிக் குட்டையாக இருக்கும். இரண்டும் ஒரே மூட்டையிலிருந்து விதைத்தவைதாம். ஒன்றுக்கு வண்டலும் தண்ணீரும் முதலில் கிடைத்தன, மற்றொன்றுக்குக் கிடைக்கவில்லை. இதில் விதையின் குணம் எவ்வளவு, நின்ற இடத்தின் குணம் எவ்வளவு?

எளிதாகத் தோன்றும் இக்கேள்வி, நெல் ஆராய்ச்சியில் மட்டுமின்றி, இளம் விளையாட்டு வீரர்களைத் தேர்ந்தெடுப்பதிலும் பெரும் சிக்கலாக இருந்து வந்திருக்கிறது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, "இவன் தேறுவான், அவன் தேறமாட்டான்" என்று தீர்ப்புச் சொல்வது எவ்வளவு தூரம் சரி? இதன் வரலாற்றைச் சற்று ஆராய்வோம்.

பயிரிலே கற்ற பாடம்

டென்மார்க் நாட்டு அறிஞர் வில்ஹெல்ம் ஜோஹான்சன் 1903ஆம் ஆண்டில் அவரை இனத்தைச் சேர்ந்த பயறு ஒன்றில் செய்த சோதனைகளை வெளியிட்டார். தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்ளும் செடி ஒன்றின் வழிவந்த விதைகளில் பெரியவற்றைத் தனியாகவும் சிறியவற்றைத் தனியாகவும் விதைத்தார். பெரிய விதையிலிருந்து பெரிய விதைகளே கிடைக்கும் என்றுதானே நாம் எதிர்பார்ப்போம்? அவ்வாறு நிகழவில்லை. இரு பிரிவுகளிலும் விளைந்த விதைகளின் சராசரி எடை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. அந்த வழியில் வந்த விதைகளின் பெருமையும் சிறுமையும் மரபினால் வந்தவை அல்ல. காயில் விதை இருந்த இடம், மண், வெயில் ஆகியவற்றால் வந்தவை. தோற்றம் வேறு, மரபு வேறு என்னும் உண்மை இதனால் தெளிவாயிற்று. "ஜீன்" என்னும் சொல்லை 1909இல் உருவாக்கியவரும் இவரே.

நம் நாட்டில் கோயம்புத்தூரில் நெல் இனவிருத்தி நிலையம் 1912இல் தொடங்கப்பட்டது. தஞ்சைத் தரணியில் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1922இல் ஏற்பட்டது. இங்கெல்லாம் கையாண்ட முறை பொறுமையானது. உழவர் வயலில் கலந்து நிற்கும் பயிர்களிலிருந்து நல்லவையாகத் தோன்றும் தனிச்செடிகளைப் பொறுக்குவார்கள். அத்துடன் பரிசு வழங்கிவிடமாட்டார்கள். ஒவ்வொரு செடியின் விதையையும் மறு பருவத்தில் தனித்தனி வரிசையாக நடுவார்கள். ஏற்கெனவே நன்கு தெரிந்த ஒரு ரகத்தையும் பக்கத்திலேயே நட்டு ஒப்பிடுவார்கள். வரப்போரப் பயிருக்கு வெளிச்சமும் உரமும் கூடுதலாகக் கிடைக்கும் என்பதால் அதை அளவில் சேர்க்கமாட்டார்கள். இவ்வாறு பல பருவங்கள் கழித்து எஞ்சுவதே ரகமாக வெளிவரும்.

1921இல் வெளிவந்து புகழ்பெற்ற ஜி.இ.பி. 24 என்னும் நெல், மற்றவற்றிலிருந்து வேறுபட்டு நின்ற ஒரு செடியிலிருந்து இவ்வாறு பெறப்பட்டதே. அதனையும் ஜப்பானிய நெல்லான நோரின் 10ஐயும் கலந்து பெற்ற ஆடுதுறை 27, 1965இல் வெளியிடப்பட்டுத் தஞ்சை மாவட்டக் குறுவையில் பரவலாக இடம்பெற்றது.

இங்கிலாந்தில் ரோத்தம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ரொனால்டு ஃபிஷர் இம்முறைக்குக் கணித அடிப்படை தந்தார். எந்த ரகம் எந்தப் பாத்தியில் என்பதை ஆய்வாளர் விருப்பத்திற்கு விடாமல் சீட்டுப் போட்டு முடிவு செய்ய வேண்டும். ஒரே ரகத்தைப் பல பாத்திகளில் நட வேண்டும். அப்போதுதான் மண்ணின் வேறுபாட்டையும் ரகத்தின் வேறுபாட்டையும் பிரித்தறியலாம் என்றார். 1935இல் வெளிவந்த அவரது நூல் உலகெங்கும் வழிகாட்டியாயிற்று.

பனித்தளத்தில் ஒரு பொறுக்கல்

இனி, வயலை விட்டு விளையாட்டுத் திடலுக்கு வருவோம். மனிதரைப் பொறுக்கும் வேலையை அமெரிக்காவும் கனடாவும் பெரிய ஏற்பாடாகவே வளர்த்தன. அங்கே தொழில்முறை அணிகள் ஆண்டுதோறும் கூடி, புதிய இளைஞர்களை முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும். இதற்கு டிராஃப்ட் என்று பெயர். சென்ற ஆண்டு கடைசியில் வந்த அணிக்கு முதல் வாய்ப்பு என்பது இதன் அடிப்படை விதி. வலுவான அணியே எல்லா நல்ல வீரர்களையும் அள்ளிக்கொண்டு போகாமல் இருக்க இந்த ஏற்பாடு. அமெரிக்கக் கால்பந்தில் இது 1936இல் தொடங்கியது. அதில் முதலாவதாகப் பொறுக்கப்பட்ட ஜே பெர்வாங்கர் அந்தத் தொழில்முறைப் போட்டிகளில் ஒருநாளும் ஆடவில்லை!

பனிக்கட்டித் தளத்தில் சறுக்குக் காலணி அணிந்து ஆடும் ஹாக்கிக்கு 1963 ஜூன் 5ஆம் தேதி மான்ட்ரியால் நகரில் முதல் டிராஃப்ட் நடந்தது. அன்று 21 இளைஞர்கள் தேர்வாயினர். முதலிடம் பெற்ற கேரி மோனஹனுக்கு வயது 16. 1975இல் வீரர்களை மதிப்பிடுவதற்கென்றே ஒரு மத்திய அமைப்பு ஏற்பட்டது. அதன் ஆய்வாளர்கள் ஊர் ஊராகச் சென்று ஆட்டங்களைப் பார்த்து, சறுக்கும் வேகம், உயரம், எடை, அடிக்கும் வலிமை, ஆட்டத்தின் போக்கை முன்கூட்டி உணரும் திறன் ஆகியவற்றைக் குறித்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்துகின்றனர்.

இத்தனை கண்கள் பார்த்தும் வரிசை தவறுவது உண்டு. 1998இல் ருஷ்ய இளைஞர் பாவெல் தாத்சியூக் 171ஆவது ஆளாகவே பொறுக்கப்பட்டார். அவருக்கு முன்னே 170 பெயர்கள் அழைக்கப்பட்டன. பிற்காலத்தில் தம் தலைமுறையின் சிறந்த ஆட்டக்காரர்களுள் ஒருவராகி, 2024இல் ஹாக்கிப் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். இது தனியொரு தவறா, அல்லது தவறுகளுக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறதா?

பிறந்த மாதம் சொன்ன கதை

அந்த ஒழுங்கைக் கண்டவர் கனடா நாட்டு உளவியலாளர் ரோஜர் பார்ன்ஸ்லி. 1980களின் தொடக்கத்தில் லெத்பிரிட்ஜ் நகரில் இளைஞர் ஹாக்கி ஆட்டம் ஒன்றைக் குடும்பத்துடன் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் மனைவி போலா கையிலிருந்த நிகழ்ச்சிக் குறிப்பைப் புரட்டினார். வீரர்களின் பிறந்த தேதிகளில் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதங்களே மிகுந்திருப்பதை அவர் கவனித்தார். வேறு அணிகளின் பட்டியல்களிலும் அப்படியே இருந்தது. 1985இல் இந்த ஆய்வு வெளியாயிற்று. உயர்நிலை இளைஞர் அணிகளில் ஏறத்தாழ 100க்கு 40 பேர் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள். கடைசி மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் சுமார் 10 பேரே.

காரணம் சோதிடம் அன்று, எளிய கணக்கு. கனடாவில் சிறுவர் ஹாக்கிக்கு வயதுக் கணக்கு ஜனவரி முதல் தேதியில் தொடங்குகிறது. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே வயதுப் பிரிவில் நிற்பார்கள். பத்து வயதில் ஏறக்குறைய ஓராண்டு மூப்பு என்பது வாழ்நாளில் பத்தில் ஒரு பங்கு.

இதன் இயற்பியலைப் பாருங்கள். உடலின் வடிவம் மாறாமல் உயரம் மட்டும் கூடுவதாகக் கொண்டால், எடை உயரத்தின் மும்மடியை ஒட்டி உயரும். 150 செ.மீ. உயரமுள்ள சிறுவனைவிட 155 செ.மீ. உயரமுள்ளவன் 3.3 சதவீதமே உயரம் கூடியவன். ஆனால் எடையில் சுமார் 10 சதவீதம் கூடியவன். இருவரும் ஒரே வேகத்தில் வந்து மோதினால் உந்தமும் அதே 10 சதவீதம் கூடுதல். பருவ வளர்ச்சி உச்சத்திலிருக்கும் ஆண்டில் உயரம் 10 செ.மீ. வரை கூடலாம். அப்போது எடை வேறுபாடு 21 சதவீதம் ஆகிவிடும். பார்ப்பவர் கண்ணுக்கு இது "திறமை" என்றே தோன்றும்.

இத்துடன் முடிந்தால் பெரிய கேடு இல்லை. பின்னால் பிறந்தவனும் ஒருநாள் வளர்ந்துவிடுவான். ஆனால் தேர்வானவனுக்கு நல்ல பயிற்சியாளர், கூடுதல் ஆட்டங்கள், ஊக்கம் எல்லாம் கிடைக்கின்றன. தேர்வாகாதவன் வீட்டுக்குப் போகிறான். வாய்மடை நாற்றுக்கே மேலும் மேலும் வண்டல் சேர்வது போல, ஓராண்டு வேறுபாடு நாளடைவில் உண்மையான திறமை வேறுபாடாகவே மாறிவிடுகிறது. பின்பு யாரேனும் பார்த்தால், "நான் அன்றே சரியாகத்தான் பொறுக்கினேன்" என்று தேர்வாளர் சொல்லிக்கொள்ளலாம்!

2013இல் வெளியான மற்றோர் ஆய்வு இதை மேலும் உறுதிப்படுத்தியது. டிராஃப்டில் பொறுக்கப்பட்ட கனடா வீரர்களில், ஆண்டின் பிற்பாதியில் பிறந்தவர்கள் தங்கள் பிற்காலச் சாதனைக்கு உரிய இடத்தைவிட 40 இடங்களுக்கு மேல் பின்தள்ளப்பட்டிருந்தனர். 400 ஆட்டங்கள் ஆடுவது போன்ற எல்லைகளைத் தொடும் வாய்ப்போ, முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்களைவிட அவர்களுக்கு ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. தவறு ஒரே திசையில் சாய்ந்திருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் நாட்டில்

நம் நாட்டிலும் இத்தகைய பொறுக்கல்கள் நடந்துள்ளன. 2008 மார்ச் மாதம் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக் கிரிக்கெட்டை இந்தியா வென்றது. அதே மாதம் அந்த இளைஞர்களை ஐ.பி.எல். அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுத்தன. முதல் வாய்ப்புப் பெற்ற டெல்லி அணி வேகப்பந்து வீச்சாளர் பிரதீப் சங்வானை எடுத்துக்கொண்டது. அவ்வணியில் மட்டையாளர்கள் ஏற்கெனவே பலர் இருந்தனர். டெல்லி விட்டுவிட்ட விராட் கோலியைப் பெங்களூரு அணி எடுத்துக்கொண்டது. பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆளின் தகுதி மட்டுமன்று, பொறுக்குபவரின் அன்றைய தேவையும் வரிசையை மாற்றிவிடும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

இரண்டாவது பார்வையின் பயனுக்குச் சென்னையிலேயே சான்று உண்டு. 1987இல் தொடங்கிய எம்.ஆர்.எஃப். வேகப்பந்துப் பயிற்சி மையத்திற்கு, பந்துவீச்சாளராக விரும்பிச் சென்றார் சச்சின் டெண்டுல்கர் என்னும் சிறுவர். ஆஸ்திரேலியப் பயிற்சியாளர் டெனிஸ் லில்லி அவரை மட்டைவீச்சில் கருத்தைச் செலுத்தச் சொன்னார். "நீ வேண்டாம்" என்று சொல்வதற்கும் "உனக்கு ஏற்றது இதுவன்று, அது" என்று சொல்வதற்கும் உள்ள தொலைவு பெரிது.

பிறந்த தேதியைக் குறைத்துக் காட்டும் மோசடியைத் தடுக்க, இந்தியக் கிரிக்கெட் வாரியம் 16 வயதுக்குட்பட்ட சிறுவர்களின் இடக்கை மணிக்கட்டை எக்ஸ் கதிர்ப் படம் எடுத்து எலும்பு வயதைக் கணிக்கும் முறையைக் கையாள்கிறது. எலும்பிலுள்ள கால்சியத்தின் அணு எண் 20. தசையும் குருத்தெலும்பும் பெரும்பாலும் ஹைட்ரஜன், கார்பன், ஆக்சிஜன் போன்ற லேசான அணுக்களால் ஆனவை. ஆகவே எலும்பு எக்ஸ் கதிரை அதிகம் தடுத்துப் படத்தில் வெண்மையாகவும், இன்னும் எலும்பாகாத வளர்குருத்து இருண்ட கோடாகவும் தெரியும். வளர்ச்சி முடிய முடிய அக்கோடு மறையும். பிரிட்டிஷ் மருத்துவர் ஜேம்ஸ் டானரும் அவருடைய கூட்டாளி வைட்ஹவுசும் உருவாக்கிய மதிப்பெண் முறையின் மூன்றாம் பதிப்பு 2001இல் வெளிவந்தது. இதில் நாம் மறக்கக்கூடாதது ஒன்று உண்டு. ஒரே நாளில் பிறந்த நலமான இரு பிள்ளைகளின் எலும்பு வயது ஓராண்டோ அதற்கு மேலோ வேறுபடலாம். ஆகவே பிறந்த தேதி ஒன்றாக இருந்தாலும் உடல் முதிர்ச்சி ஒன்றாக இராது.

நீங்கள் செய்யக்கூடிய சோதனை

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் 6, 7, 8ஆம் வகுப்பு மாணவ மாணவியருக்கு ஓட்டம், தாண்டுதல், எறிதல் ஆகியவற்றில் திறனாய்வுத் தேர்வுகளை நடத்தி வந்திருக்கிறது. விளையாட்டு விடுதிகளுக்கும் இளவயதிலேயே ஆள் எடுக்கிறார்கள். பேராவூரணியிலோ மன்னார்குடியிலோ ஒரு கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கு நல்ல உணவும் பயிற்சியும் கிடைக்க அந்த விடுதியே பெரும்பாலும் ஒரே வழி. ஒரு நாள் காலையில் எடுத்த அளவு அவ்வழியை அடைத்துவிடலாம். ஆகவே இது விளையாட்டுப் பேச்சன்று.

வாசகர்களே, உங்கள் வட்டாரத்தில் இளவயதுப் பிரிவுகளில் தேர்வான 100 பேரின் பிறந்த மாதங்களைத் திரட்டுங்கள். வயதுக் கணக்குத் தொடங்கும் தேதியிலிருந்து மும்மூன்று மாதங்களாக நான்கு பங்கு பிரியுங்கள். பாகுபாடு இல்லையென்றால் ஒவ்வொரு பங்கிலும் ஏறக்குறைய 25 பேர் இருக்க வேண்டும். தற்செயலாக நான்கு, ஐந்து கூடலாம், குறையலாம். 8 அல்லது 9 வரை மாறுவதும் எப்போதேனும் நிகழும். ஆனால் முதல் பங்கில் 40 பேர் இருந்தால் அதைத் தற்செயல் எனத் தள்ள முடியாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. நம் ஊர்களில் முன்பு, பள்ளியில் சேர்க்கும்போது வசதிக்காக மே, ஜூன் மாதத் தேதிகளைப் போட்டுவிடும் வழக்கம் இருந்தது. பிறப்புகளும் எல்லா மாதங்களிலும் சமமாக நிகழ்வதில்லை. எனவே தேர்வானவர் பட்டியலை, அதே பள்ளிகளின் முழுப் பதிவேட்டுடன் ஒப்பிட வேண்டும். ஆடுதுறையில் தெரிந்த ரகத்தைப் பக்கத்தில் நட்டு ஒப்பிட்டார்களே, அதே முறைதான்.

உடற்கல்வி ஆசிரியர்களும் பெற்றோரும் இப்போதே செய்யக்கூடியவை உண்டு. பட்டியலில் பெயருக்கு எதிரே வயதை ஆண்டாக மட்டுமின்றி மாதமாகவும் எழுதலாம். ஒரே நாளில் முடிவு செய்யாமல் இரண்டு, மூன்று முறை பார்க்கலாம். ஒருவர் பார்த்ததை மற்றொருவர் அறியாமல் தனியே மதிப்பிடச் சொல்லலாம். உயரமும் எடையும் முடிவு செய்யும் அளவுகளையும், கைத்திறனும் ஆட்ட அறிவும் முடிவு செய்யும் அளவுகளையும் தனித்தனியே குறிக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, இவ்வாண்டு விடுபட்ட பிள்ளையின் பெயரை அடித்துவிடாமல், அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் அழைத்துப் பார்க்க வேண்டும். ஒரு நெல் ரகத்துக்கே பல பருவங்கள் பொறுத்திருந்தவர்கள் நாம். ஒரு பிள்ளைக்கு இரண்டு ஆண்டுகள் பொறுக்கக் கூடாதா?