அரியலூருக்கு முந்தைய ராஜினாமா: தொழிலாளர் தலைவர் வி.வி.கிரி

அரியலூர் என்றதும் நமது பெரியவர்களின் நினைவுக்கு வருவது 1956 நவம்பர் 23. அன்று மருதையாற்று வெள்ளத்தில் பாலம் சேதமடைந்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. நூற்றுக்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். இதை நாம் பிள்ளைகளுக்கும் சொல்லியிருக்கிறோம். ஆனால் அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், அதே நேரு அமைச்சரவையிலிருந்து இன்னொருவர் கூலிக்காரர்களின் சம்பளத்துக்காக விலகினார். அவரைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

வி.வி.கிரி 1894இல் பெர்காம்பூரில் பிறந்தார். அன்று அது சென்னை மாகாணத்தில் இருந்தது. அயர்லாந்தின் டப்ளினில் சட்டம் படித்து, 1916இல் அங்கிருந்து வெளியேற்றப்பட்டுத் திரும்பினார். வக்கீல் தொழிலோடு நிற்காமல் ரயில்வே தொழிலாளர்களிடையே சங்கம் கட்டினார். அகில இந்திய தொழிற்சங்கக் காங்கிரஸுக்கு 1926லும் 1942லும் தலைவரானார். 1937 தேர்தலில் பொப்பிலி ராஜாவையே தோற்கடித்து, ராஜாஜி அமைச்சரவையில் தொழிலாளர் துறையை ஏற்றார். பெரம்பலூரும் அரியலூரும் அன்று திருச்சி மாவட்டத்துக்குள் இருந்தன. ஆக, நம் பகுதித் தொழிலாளருக்கும் அவரே அமைச்சர்.

1952இல் மத்திய தொழிலாளர் அமைச்சரானதும், தகராறுகளைத் தீர்ப்பாயத்துக்குக் கட்டாயமாக அனுப்பும் முறையை அவர் எதிர்த்தார். முதலாளியும் சங்கமும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும் என்பது அவர் நிலை. வழக்கு வருடக்கணக்கில் இழுத்தால் முதலாளி தாங்குவார், தினக்கூலிக்காரர் தாங்கமாட்டார். சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலோ சிமெண்ட் ஆலையிலோ வேலை பார்க்கும் அரியலூர் குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் முதலாளிகள் மட்டுமல்ல, பலவீனமான சங்கங்களும் தயங்கின. பலமில்லாத சங்கம் மேசைக்கு வந்தால் என்ன கிடைக்கும் என்ற அவர்களின் அச்சம் நியாயமானதே என்று நாம் கருதுகிறோம். முறை மாறவில்லை.

இதற்கிடையே வங்கி ஊழியர் வழக்கு வந்தது. தொழிலாளர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 1954இல் தீர்ப்பளித்தது. வங்கிகளால் அந்தச் சுமையைத் தாங்க இயலாது என்று கூறி, மத்திய அரசு ஆகஸ்டில் அதை ஊழியருக்குப் பாதகமாகத் திருத்தியது. தீர்ப்பாயங்களையே விரும்பாத கிரி இந்தத் திருத்தத்தை ஏற்காமல் பதவி விலகினார். இதில் முரண்பாடு இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. ஜமாஅத் பஞ்சாயத்தில் இரு தரப்பையும் விசாரித்துச் சொன்ன முடிவை, பிறகு ஒரு தரப்பு செல்வந்தர் என்பதற்காக முத்தவல்லி மாற்றினால், அடுத்த முறை யார் பஞ்சாயத்துக்கு வருவார்?

ராஜினாமா வீண்போகவில்லை. நீதிபதி கஜேந்திரகட்கர் தலைமையிலான ஆணையம் விஷயத்தை மறுபடி ஆராய்ந்தது. அதன் பரிந்துரைகளை 1955இல் அரசு சட்டமாக்கியது. குறைக்கப்பட்டதில் பெரும்பகுதி ஊழியருக்குத் திரும்பக் கிடைத்தது.

1957 தேர்தலில் கிரி தோற்றார். பின்னர் உத்தரப் பிரதேசம், கேரளம், மைசூர் ஆகிய மாநிலங்களில் ஆளுநராக இருந்தார். 1967இல் குடியரசுத் துணைத்தலைவரானார். 1969இல் சுயேச்சையாக நின்று, இரண்டாம் விருப்ப வாக்குகளையும் எண்ணிய பிறகே நீலம் சஞ்சீவ ரெட்டியை வென்று குடியரசுத் தலைவரானார். 1980இல் சென்னையில் காலமானார். நொய்டாவிலுள்ள தேசியத் தொழிலாளர் நிறுவனம் இன்று அவர் பெயரில் இயங்குகிறது.