பேச்சுத் தமிழே மேடை

ஈழத்திலே தமிழ்த் திரைப்படம் நிலையான தொழிலாக வேரூன்றவில்லை. திரையரங்குகளிலே தமிழகப் படங்களே கோலோச்சின. அத்தகைய நாட்டில் ஒருவர் நெடுங்காலம் நடிகராய் விளங்கியது எங்ஙனம்? 1944இல் கரவெட்டியிற் பிறந்த கே. எஸ். பாலச்சந்திரனின் வரலாறு இதற்கு விடை பகரும்.

செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய ‘வாடைக்காற்று’ (1978) படத்தில் அவர் நடித்தார். இலங்கை வானொலியின் ‘தணியாத தாகம்’ நாடகத்திற் குரலாலேயே பாத்திரத்துக்கு உயிரூட்டினார். ‘அண்ணை றைற்’ என்னும் தனிநடிப்பிலோ, பஸ் நடத்துநராய் நின்று, ஒரு பஸ்ஸின் கூட்டம் முழுவதையும் கண்முன் நிறுத்தினார். பின்னர்க் கனடாவிற் குடியேறி, அங்கும் நடிப்பைத் தொடர்ந்து, 2014இல் மறைந்தார்.

திரை வாய்ப்பு அரிதாயினும், மக்கள் நாவில் வழங்கிய யாழ்ப்பாணத் தமிழ் அவர்க்குக் குறைவின்றி இருந்தது. அதுவே கடல் கடந்தும் அவர்க்கு மேடையாயிற்று.