வலி தெரியாத பாதம்: கொல்லிமலையில் தொடங்கிய ஒரு பாடம்

மலருக்குக் கட்டுரை கேட்ட சங்க நண்பர்கள், இவன் பாலம், கான்கிரீட் என்று ஏதாவது எழுதுவான் என்று நினைத்திருப்பார்கள். நான் எழுத வந்தது பாதத்தைப் பற்றி. என் அப்பாவுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. செருப்பில் ஏறிய சின்ன ஆணியோடு ஒரு நாள் முழுக்க நடந்திருக்கிறார், வலியே தெரியவில்லை. கடைசியில் ஒரு கால் விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. அதன் பிறகுதான் பாதப் பராமரிப்பின் வரலாற்றைத் தேடிப் படிச்சேன். அது என்னை நம் கொல்லிமலைக்கே கொண்டு வந்து சேர்த்தது!

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி, ஆகாய கங்கையில் குளிச்ச நாள் ஞாபகம் இருக்கா? 1914-இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் சின்ன வயசில் வளர்ந்தது அந்த மலையில்தான். பெற்றோர் ஜெஸ்ஸி, ஈவ்லின் இருவரும் ஆங்கிலேய மிஷனரிகள். ஜெஸ்ஸி முழு டாக்டர் அல்ல. வெப்பநாட்டு நோய்கள் பற்றிக் குறுகிய காலப் பயிற்சி பெற்றவர், அவ்வளவுதான்.

அந்த நாளில் மலை மக்களை வாட்டியது நரம்புச் சிலந்தி. குடிநீரோடு உள்ளே போகும் கிருமி, சுமார் ஒரு வருஷம் கழித்து நீளப் புழுவாகக் காலில் கொப்புளத்தை உடைத்துக்கொண்டு தலைகாட்டும். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்துபோய்க் கால் வீங்கிச் சீழ் பிடிக்கும். குச்சியில் சுற்றி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக, பொறுமையாக எடுக்கணும். ஜெஸ்ஸி அப்படி எடுப்பதைப் பார்த்து வளர்ந்தவர் பால். (இந்தியாவில் இந்த நோய் ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2000-இல் சான்றளித்தது.)

1923-இல் படிப்புக்காக இங்கிலாந்து போனார் பால். 1929-இல் தந்தை மலையிலேயே காய்ச்சலில் இறந்தார். சின்ன வயசில் பார்த்த ரத்தமும் சீழும் மனசில் தங்கிவிட்டதால், மருத்துவமே வேண்டாம் என்று பால் முதலில் கற்றது கட்டட வேலை! தச்சு, கல் வேலை எல்லாம் பழகிய பிறகுதான் டாக்டருக்குப் படித்தார்.

1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். மறு வருஷம் செங்கல்பட்டுத் தொழுநோய் இல்லத்தை டாக்டர் ராபர்ட் காக்ரேன் அவருக்குக் காட்டினார். தொழுநோய் சதையைத் தின்றுவிடும் என்றுதான் அப்போது பலரும் நம்பினார்கள். பிராண்டும் சகாக்களும் கவனித்துப் பார்த்ததில் கதை வேறாக இருந்தது. நோய் கொல்வது நரம்பை. வலி போய்விடுகிறது. முள் குத்தினாலும் கல் உறுத்தினாலும் மனிதன் அதே இடத்தை ஊன்றி நடந்துகொண்டே இருக்கிறான். அதே புண்ணுக்கு மாவுக்கட்டுப் போட்டு ஓய்வு கொடுத்தால், நம் புண்ணைப் போலவே ஆறுகிறது!

இங்கேதான் பழைய கட்டடக்காரர் வெளியே வருகிறார். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தது. முதலாண்டில் நாம் படிச்சதுதான். விரல் மடங்கிய பாதத்தில் உடல் எடை முழுவதும் சின்ன இடத்தில் இறங்கும். மண் பலவீனமாக இருந்தால் அஸ்திவாரத்தை அகலப்படுத்துகிறோம் இல்லையா? அதே கணக்குதான், நுண்துளை ரப்பர் வைத்துத் தைத்த செருப்பு. வேலூரிலும் கரிகிரியிலும் எத்தனையோ பாதங்களை அது காத்தது.

1966-இல் அவர் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். வலி மரத்த சர்க்கரை நோயாளிகளின் பாதத்திலும் அதே புண், அதே காரணம். தமிழ்நாட்டில் கற்ற பாடம் அங்கே அவர்களுக்கும் உதவியது. 2003-இல் அவர் காலமானார். மகன் வெளிநாட்டில் இருந்தபோதும் தாய் ஈவ்லின் முதுமையிலும் மலைக் கிராமங்களுக்குப் போய்ச் சேவை செய்து, 1974-இல் 95 வயதில் மறைந்தார்.

பாதத்தைச் சோதிக்கக் கற்பவருக்கு அரிச்சுவடி இன்றும் எளிமையானதுதான். உள்ளங்காலையும் விரலிடுக்கையும் கண்ணால் பார்க்கணும். புறங்கையால் தொட்டு எங்காவது சூடு அதிகமா என்று அறியணும். புண் வருமுன்னே அந்த இடம் சூடாகும். பாதத்தின் மேலும் கணுக்காலின் பின்னும் நாடி பார்க்கணும். 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையை வைத்து உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்கணும். கடைசியாகச் செருப்புக்குள் கைவிட்டுத் தடவணும்.

இந்தக் கடைசி வேலையை மட்டும் நான் முன்பே தெரிந்து வைத்திருந்தால் அப்பாவின் விரல் தப்பியிருக்கும். இப்போ தினமும் ராத்திரி அவர் காலை மடியில் வைத்துப் பார்க்கிறேன். நண்பர்களே, விழா முடிந்து வீடு போனதும் உங்கள் வீட்டுப் பெரியவர்களின் காலையும் ஒரு தடவை பாருங்கள். மாணவத் தம்பிகளே, நீங்களும்தான்.